குன்றிமணியும் பித்தளைப் பறவையும்

ஆரணியாறு பிச்சாட்டூரில் அணையால் தடுக்கப்பட்டுத் தேங்கி, பின் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பழவேற்காட்டை அடுத்துக் கடலில் கலக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த பிச்சாட்டூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. அப்பகுதியின் வேலிகளிலும் புதர்களிலும் படரும் கொடிகளுள் ஒன்று குன்றி. அதன் காய் முற்றி வெடிக்கும்போது, செக்கச் சிவந்த உடலும் ஒரு முனையில் கரும்புள்ளியும் கொண்ட மணிகள் வெளிப்படும். தமிழர் அதனைக் குன்றிமணி என்பர். பேச்சு வழக்கில் குந்துமணி, குண்டுமணி என்றும் கூறுவர். தெலுங்கர் குரிவிந்த என்பர்.

கண்ணைக் கவரும் இம்மணி நஞ்சுடையது. ஆகவே சிறுவர் இதனை வாயிலிடலாகாது. ஆயினும், பல நூற்றாண்டுகளாகத் தென்னாட்டுப் பொற்கொல்லர் கையில் பொன்னை அளந்தது இந்த நச்சு விதையே. “வீட்டில் குந்துமணித் தங்கம்கூட இல்லை” என்று இன்றும் மக்கள் சொல்கின்றனர். அத்தொடரைச் சொல்வோருள் பலர், அது ஒரு பழைய எடை அளவின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விதையால் நிறுத்த பொன்

பொன் விலையுயர்ந்தது. நெல்லை அளக்கும் மரக்காலில் ஒரு கைப்பிடி கூடினாலும் குறைந்தாலும் பெரும் இழப்பு இல்லை. பொன்னில் ஒரு மணியளவு குறைந்தாலும் அது ஓர் ஏழைக் குடும்பத்தின் பல நாள் உணவாகிவிடும். எனவே பொன்னை நிறுப்பதற்கு மிகச் சிறிய, எங்கும் கிடைக்கக்கூடிய, எளிதில் மாறாத ஒரு பொருள் தேவைப்பட்டது. குன்றிமணியின் ஓடு மிகக் கடினமானது. நன்கு உலர்ந்த மணி மழைக்காலத்தில் எளிதில் நீரை ஏற்காது. ஆகையால் அதன் எடை பருவந்தோறும் மாறுவதில்லை. அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அழகன்று, இவ்வுறுதியே காரணமெனக் கொள்ளலாம்.

இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் வாய்பாடு இது. மஞ்சாடியும் ஒரு மரத்தின் விதையே. அது குன்றியினும் பெரியது. கரும்புள்ளி இன்றி முழுதும் சிவந்திருக்கும். கழஞ்சு என்னும் பெயரும் கழற்சிக்காயோடு தொடர்புடையது என்பர். சித்த மருத்துவ நூல்களைப் பயில்வோர் குன்றி ஒன்றின் எடையை இன்றைய அளவில் 130 மில்லிகிராம் எனக் கொள்கின்றனர். அக்கணக்கில் ஒரு கழஞ்சு 5.2 கிராம் ஆகும். இன்று கடைகளில் வழங்கும் 8 கிராம் சவரன், ஏறத்தாழ அறுபது குன்றிமணிக்குச் சமம்.

இவ்வாறு விதையால் பொன்னை அளந்தவர் தமிழர் மட்டுமல்லர். வைரத்தையும் பொன்னின் தரத்தையும் குறிக்கும் காரட் என்னும் சொல், மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் கரோப் மரத்தின் விதையிலிருந்து பிறந்தது. விதை இயற்கை தந்த எடைக்கல். அதனை எவரும் தனியே செய்துகொள்ள வேண்டியதில்லை. எந்த அரசும் வழங்க வேண்டியதில்லை.

ஆயினும் விதைக்கு ஒரு குறை உண்டு. கூர்ந்து நோக்கினால் ஒரு குன்றிமணியும் மற்றொன்றும் முற்றிலும் ஒத்திரா. வாங்குபவன் பருத்த மணிகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம்; விற்பவன் சிறுத்த மணிகளைத் தேடி எடுக்கலாம். நாற்பது குன்றி கொண்ட கழஞ்சில் ஒரு குன்றி குறைந்தால் இழப்பு நாற்பதில் ஒரு பங்கு. நூறு கழஞ்சு நிறுக்கும்போது அவ்விழப்பு இரண்டரைக் கழஞ்சாக வளர்ந்துவிடும். கோயிலுக்கு அளிக்கும் கொடையிலும், அரசுக்குச் செலுத்தும் வரியிலும், மகளுக்கு இடும் அணியிலும் இவ்வையம் தலைகாட்டும். யாருடைய மணியால் நிறுப்பது என்னும் வினாவே பெருஞ்சிக்கலாயிற்று. அதற்கு விடையாக வந்ததே எல்லார்க்கும் பொதுவான எடைக்கல்.

ஆடவல்லான் என்னும் கல்

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன், கோயிலுக்கு வந்த கொடைகள் அனைத்தையும் கல்லில் பொறிக்கச் செய்தான். அரசன் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, அதிகாரிகள் கொடுத்தவை எனத் தனித்தனியே அவை குறிக்கப்பட்டுள்ளன. பொற்கலங்களும் அணிகளும் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று எழுதப்பட்டுள்ளன. அணியில் எத்தனை முத்துகள் இருந்தன, மணிகளைப் பதித்த அரக்கும் எடையில் சேர்ந்ததா, கோத்த சரடு நீக்கப்பட்டதா என்பன போன்ற செய்திகளையும் அங்குக் காணலாம். இக்காலக் கணக்காயரும் வியக்கும் நுட்பம் அது.

அக்கல்வெட்டுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஒரு பெயர் இருந்தது. அதன் பெயர் ஆடவல்லான். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். ஆடவல்லான் என்பது ஆடும் இறைவனாகிய கூத்தப்பெருமானின் திருப்பெயர். தட்சிணமேருவிடங்கன் என்பதும் அக்கோயில் இறைவனின் பெயரே. நெல்லை அளந்த மரக்காலுக்கும் அங்கே ஆடவல்லான் என்ற பெயர் வழங்கியது. அரசனின் பட்டப்பெயரால் அமைந்த இராசகேசரி என்னும் மரக்காலுக்கு அது சமமாக இருந்தது.

எடைக்கல்லுக்கு இறைவன் பெயர் ஏன்? கல்வெட்டு அதற்குக் காரணம் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அன்று இருந்திராது. ஒருவன் தன் சொந்தக் கல்லைக் குறைத்துத் தேய்த்தால் அது களவு. ஆடவல்லானைக் குறைத்துத் தேய்த்தால் அது இறைவன் பெயரால் சொல்லும் பொய். கல்லின் மேல் உருவம் இல்லாவிடினும் பெயரே அதன் உருவமாக நின்றது. காவலன் இல்லாத இடத்திலும் அப்பெயர் காவல் செய்தது எனலாம்.

பெயர் மட்டும் போதும் என்று அக்காலத்தார் இருந்துவிடவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறைக்குப் புகழ்பெற்றவை. அவை ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஊரில் வழங்கிய பொன்னை மேற்பார்வை செய்வதற்கென மக்கள் தேர்ந்தெடுத்த குழு அது. எடை சரியாக இருப்பினும் தரம் குறைந்திருக்கலாம் அன்றோ! பொன்னின் தரத்தை மாற்று என்பர். உரைகல்லில் உரைத்து, கோட்டின் நிறத்தைக் கொண்டு மாற்றை அறிவர். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நல்லவரைப் புகழும் வழக்கு அதிலிருந்து வந்ததே.

குன்றியின் இரு நிறம்

குன்றிமணியின் செம்மையும் கருமையும் புலவர் கண்ணுக்கும் தப்பவில்லை. திருக்குறளில் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் போலித் துறவியரைக் கூறவந்த வள்ளுவர், குன்றியை உவமையாக்கினார். அவர்தம் வெளித்தோற்றம் குன்றியின் உடல்போல் செம்மையானது. உள்ளமோ அதன் மூக்குப்போல் கரியது என்பது கருத்து. குன்றி தன் அடியிலுள்ள கறுப்பை அறியாது என்று தெலுங்கில் ஒரு பழமொழி வழங்குகிறது. பிறர் குறையைப் பேசித் தன் குறையைக் காணாதவரைச் சுட்ட அதனைக் கூறுவர். தமிழ்ப் புலவர் கண்டது பிறரை ஏமாற்றுபவனை. தெலுங்குப் பழமொழி கண்டது தன்னையே ஏமாற்றிக்கொள்பவனை. ஒரே மணி இரு மொழிகளில் இரு பொருள் தந்தது. வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரு மொழி பேசி வளரும் பிச்சாட்டூர் மாணவர்க்கு இவ்விரண்டும் உரியவை.

நடுவுநிலைமையைக் கூறுமிடத்தில் வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமை துலாக்கோல். ஒரு பக்கம் சாயாமல் நிற்பதே அதன் சிறப்பு. இவ்வாறு நிறுக்கும் கோல், நிறுக்கும் மணி ஆகிய இரண்டுமே தமிழில் அறத்தைப் பேசும் பொருள்களாயின.

திருமலையில் பொன்

பிச்சாட்டூரை அடுத்த நாகலாபுரம், விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் பெயரால் அமைத்த ஊர் என்பர். அம்மன்னர் திருமலைக்குப் பலமுறை சென்று கொடையளித்தவர். 1514ஆம் ஆண்டில் 30,000 பொற்காசுகளால் திருவேங்கடமுடையானுக்குக் கனகாபிடேகம் செய்தார். விசயநகரப் பொற்காசு வராகன் எனப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 3.4 கிராம். காசின் மீது அரசு முத்திரை இருந்தமையால், சிறு வணிகத்தில் ஒவ்வொரு முறையும் தராசைத் தேட வேண்டியதில்லை. எனினும் தேய்ந்த காசும் ஓரம் வெட்டப்பட்ட காசும் புழங்கியதால் காசு பார்ப்போர் என்னும் தேர்ந்த வணிகர் தேவைப்பட்டனர்.

தராசைக் கொண்டே செய்யும் கொடையும் உண்டு. தன் எடைக்கு எடை பொன் கொடுப்பது துலாபாரம். இராசராசன் திருவிசலூரில் துலாபாரம் புகுந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அம்பியில் விட்டலர் கோயிலுக்கு அண்மையில் நிற்கும் கல்லாலான பெருந்துலாச் சட்டத்தை மக்கள் அரசனின் தராசு என்று இன்றும் காட்டுகின்றனர். திருமலையில் இக்காலத்திலும் துலாபாரம் நடைபெறுகிறது. குழந்தையை ஒரு தட்டில் அமர்த்தி, மறுதட்டில் கற்கண்டோ வெல்லமோ நாணயமோ வைத்து, தட்டுகள் சமமாகும்வரை நிரப்புவர். பேரரசனின் பொன்னும் உழவனின் வெல்லமும் தராசுக்கு முன் ஒரே முறைக்கு உட்பட்டவை.

கடல் கடந்த ஒரு நாடு

ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அங்கே நாணயச் சாலையும் நடத்தினர். டச்சுக்காரரின் மற்றொரு நிறுமம் 1637இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் எல்மினாக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியது. அக்கரையை ஐரோப்பியர் பொற்கரை என்றனர். இன்று அது கானா நாடு. அங்கும் அண்டை நாடான ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் அகான் மக்கள் பொன்னை நிறுத்த முறை, உலகில் வேறெங்கும் காணாத அழகுடையது.

அகான் மக்களிடம் காசு இல்லை, பொற்றுகளே பணம். ஆற்று மணலை அரித்தும் குழி தோண்டியும் எடுத்த பொற்றுகளைச் சிறு பித்தளைப் பெட்டிகளில் வைத்திருந்தனர். உப்பு வாங்கவும், துணி வாங்கவும், தண்டம் செலுத்தவும் அதனைக் கரண்டியால் அள்ளி, சிறு தராசில் நிறுத்துக் கொடுத்தனர். மிகச் சிறிய அளவுக்கு அவர்கள் பயன்படுத்தியது ஒரு விதை. அது குன்றிமணியே. பெருங்கடலால் பிரிக்கப்பட்ட இரு நாட்டுப் பொற்கொல்லரும் ஒரே கொடியின் விதையை நாடியது வியப்புக்குரியது.

பெரிய அளவுகளுக்கு அவர்கள் பித்தளையில் எடைக்கற்களை வார்த்தனர். ஏறத்தாழ 1400 முதல் 1900 வரை அக்கலை செழித்திருந்தது. பழைய கற்களில் கோடு, சுருள், படி முதலிய வடிவங்களே மிகுதி. பின்னர் வந்தவற்றில் பறவை, மீன், முதலை, ஆமை, கேடயம், நாற்காலி, முரசு கொட்டுவோன், பிள்ளையைச் சுமக்கும் தாய் என அவர்தம் உலகம் முழுதும் விரல் நுனியளவில் வந்து அமர்ந்தது.

செய்முறை சுவாமிமலைச் சிற்பியர் திருமேனி வார்க்கும் முறையை ஒத்தது. முதலில் தேன்மெழுகில் உருவம் செய்வர். அதன்மேல் கரித்தூள் கலந்த களிமண்ணைப் பூசி உலர்த்துவர். பின் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அது விட்ட வெற்றிடத்தில் உருகிய பித்தளையை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்தால் உருவம் கிடைக்கும். அச்சை உடைத்தே உருவத்தை எடுப்பதால் ஒன்றுபோல் மற்றொன்று அமையாது. சில வேளைகளில் மெழுகுக்கு மாறாக உண்மையான வண்டையோ வேர்க்கடலையையோ நண்டின் காலையோ மண்ணுள் வைத்துச் சுட்டுவிடுவர். அது சாம்பலாகி நீங்கிய குழியில் பித்தளை பாயும். வண்டு மறைந்தாலும் அதன் சிறகின் வரி மறையாது.

வார்த்த உருவம் எடை குறைந்திருந்தால் அதனோடு ஈயத்தைச் சேர்ப்பர். எடை மிகுந்திருந்தால் வாலிலோ காலிலோ சிறிது வெட்டிவிடுவர். அழகினும் எடையே அவர்க்கு முதன்மையானது. இன்று அருங்காட்சியகத்தில் கால் முறிந்து நிற்கும் சில உருவங்கள் தவறி விழுந்து உடைந்தவை அல்ல, நேர்மைக்காக வெட்டப்பட்டவை.

உருவங்கள் பல பழமொழிகளைச் சுட்டின. தலையைப் பின்னுக்குத் திருப்பித் தன் முதுகைக் கொத்தும் பறவை சங்கோஃபா எனப்படும். மறந்துவிட்டதைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது அதன் பொருள். ஒரே வயிற்றையுடைய இரட்டை முதலைகள் மற்றோர் உருவம். வயிறு ஒன்றேயாயினும் உணவுக்காக இரு தலைகளும் சண்டையிடுகின்றன. ஒரே குடும்பத்துப் பூசலுக்கு அதைக் காட்டினர். பாம்பு இருவாய்ப் பறவையைக் கவ்வி நிற்கும் உருவம் கடனைப் பற்றியது. பாம்பிடம் கடன்பட்ட பறவை, தனக்குச் சிறகு உண்டு என்னும் செருக்கில் அதைத் திருப்பித் தரவில்லை. பாம்பு பொறுமையாகக் காத்திருந்தது. பறவை தரையிறங்கிய நாளில் பிடித்துக்கொண்டது. கடன் தீர்க்க வந்தவன் முன்னே தராசுத் தட்டில் அவ்வுருவத்தை வைத்தால், அவனுக்குச் சொல் வேண்டியதில்லை.

வாங்குவோன், விற்போன் ஆகிய இருவரும் தத்தம் எடைக்கற்களைக் கொண்டு வந்தனர். ஒருவன் நிறுத்ததை மற்றவன் தன் கல்லால் மீண்டும் நிறுத்துப் பார்த்தான். வேறுபாடு இருப்பின் பேரம் நீண்டது. ஆடவல்லானைப் போல எல்லார்க்கும் பொதுவான ஒரு கல் சந்தையின் நடுவில் இல்லை.

அரசனின் கல்லோ வேறு. 1817இல் அசாந்தி நாட்டின் தலைநகராகிய குமாசிக்குச் சென்ற பவுடிச் என்னும் ஆங்கிலேயர் அதனைக் குறித்துவைத்தார். அரசனின் எடைக்கற்கள் நாட்டில் வழங்கியவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கனமானவை. அரண்மனைச் செலவுக்கான பொன்னை அரசனின் கல்லால் நிறுத்துக் கொடுப்பர். பணியாளர் சந்தையில் பொருள் வாங்கும்போது மக்களின் கல்லால் நிறுத்துச் செலுத்துவர். மிஞ்சிய பொன் சமையற்காரர் முதலிய அரண்மனைப் பணியாளரையே சேரும். இதனை ஊதியமாகக் கொள்வதா, களவாகக் கொள்வதா என்று பிற நாட்டார் மயங்கலாம். ஆனால் நாடறிய நடந்த அதனை அங்கு எவரும் மறைக்கவில்லை. அதே அரசன் மக்களிடம் பொன் பெறும்போதும் கனத்த கல்லையே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது வேறு வினா. அவ்வினாவை எந்த நாட்டு மக்களும் தம் அரசை நோக்கிக் கேட்கக் கூடியதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி பொற்றுகளைப் பணமாக வழங்குவதை நிறுத்தி, தன் நாணயங்களைப் புகுத்தியது. பித்தளைப் பறவைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பல வெளிநாட்டவர் கைக்குச் சென்றன. இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அவற்றின் பெருந்தொகுப்பு இருக்கிறது.

இன்றைய எடைக்கல்

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டத்தை அடுத்து, 1958 முதல் படிப்படியாகக் கிராம் முறை நடைமுறைக்கு வந்தது. குன்றியும் மஞ்சாடியும் கடையிலிருந்து விடைபெற்றன. சித்த மருத்துவர் நூல்களிலும் முதியோர் பேச்சிலும் தங்கின. கடையில் உள்ள எடைக்கல்லிலும் மின்னணுத் தராசிலும் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை இருத்தல் வேண்டும். 2021 முதல் தங்க அணிகளில் தர முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் இடப்படுகிறது. உத்தரமேரூர்ப் பொன் வாரியத்தார் செய்த பணியின் ஒரு பகுதியை அது செய்கிறது. அணியின் உட்புறத்தில் பொறித்த அவ்வெழுத்துகள் மிகச் சிறியவை. உருப்பெருக்கிக் கண்ணாடியால்தான் படிக்க இயலும். கடைக்காரரிடம் அக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்ப்பது வாங்குவோரின் உரிமை.

சொற்பொருள்

மாற்று – பொன்னின் தர அளவு
உரைகல் – பொன்னின் தரத்தைத் தேய்த்தறியும் கல்
துலாக்கோல் – தராசு
வாரியம் – மேற்பார்வைக் குழு
பொற்றுகள் – பொன் துகள்
நிறுமம் – வணிக நிறுவனம்

பயிற்சி

1. பொன்னை நிறுக்கக் குன்றிமணி தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்? அதன் குறை யாது?
2. மூன்று கழஞ்சு ஐந்து மஞ்சாடிப் பொன் எத்தனை குன்றிமணி எடை? குன்றி ஒன்று 130 மில்லிகிராம் எனின் அது எத்தனை கிராம்?
3. ஆடவல்லான் கல்லுக்கும் அசாந்தி அரசனின் எடைக்கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதுக.
4. பொற்றுகள், பொற்காசு, எடைக்கல், பத்தரை ஆகிய சொற்களைப் பிரித்து எழுதுக.
5. உன் வீட்டு முதியோரிடம் கேட்டு, எடை அல்லது அளவு தொடர்பான ஐந்து பழமொழிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் திரட்டுக. அவற்றுள் ஒன்றுக்குரிய எடைக்கல் உருவத்தை வரைக.